உரிக்காத மல்லாட்டை

குலுக்கக் கூடாது என்று செஞ்சுலட்சுமி தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சொல்லி முடிப்பதற்குள் கை காதருகே போய்க் குலுக்கியும் விட்டது. கலகல. நன்றாகக் காய்ந்த காய், உள்ளே இரண்டு பருப்பு, சொத்தை கிடையாது, எத்திராஜ் மாமா மண்டிச் சரக்காகத்தான் இருக்கும், அவர் களத்தில்தான் அவசரப்படாமல் காயவைப்பார்கள். ஆனால் இது சரக்கில்லை தாயே, ஓட்டு, பேசாமல் மடியில் வை. நிலக்கடலையை மல்லாட்டை என்று சொல்கிற இந்தப் பக்கத்தில், மல்லாட்டை வியாபாரிகள் சங்கம் நடத்துகிற இந்தத் தொடக்கப் பள்ளியில், பெரிய தீர்மானம் எதுவானாலும் மல்லாட்டையை வைத்துத்தான் எடுப்பார்கள். கையெழுத்துப் போடத் தெரியாத மனிதர்கள் சேர்ந்து, பிள்ளைகளாவது போடட்டும் என்று கட்டிய பள்ளிக்கூடம், அவர்களுக்கு வாக்குச்சீட்டு எங்கே தெரியும்? கூட்டம் தொடங்கும்போதே கமிட்டியில் ஆளுக்கொரு முழுக் காய் கொடுத்துவிடுவார்கள். பேச்செல்லாம் முடிந்ததும் ஒவ்வொருவராகக் கரும்பலகைக்குப் பின்னால் போய், துணி மூடிய பித்தளைச் செம்புக்குள் கையை விட வேண்டும். சம்மதம் என்றால் உரித்துப் பருப்பைப் போடுவது. இருக்கிறபடியே இருக்கட்டும் என்றால் முழுசாகப் போடுவது. யார் எதைப் போட்டார் என்று கேட்கக் கூடாது. துண்டுக்குள் மறைத்து உரிப்பவர்களின் ஓட்டுச் சத்தம் வெளியே வராமலிருக்க மற்றவர்கள் மரியாதையாகச் செருமுவார்கள். அப்பா முத்துவேல் இருந்தவரை கமிட்டி நாற்காலியில் அவர்தான். அவருக்குப் பிறகு மண்டியும் இவளுக்கு வந்தது, நாற்காலியும் வந்தது. ஏழு பேரில் ஒரே பெண். காலையில் கிளம்பும்போது கணவன் தணிகாசலம், மின்வாரியத்து உடுப்பை மாட்டிக்கொண்டே, உனக்கு எது சரின்னு படுதோ அதைப் போடு செஞ்சு, தின்னுட்டு மட்டும் வந்துடாதே என்றான். போயும் போயும் இவனிடம் யோசனை கேட்டேனே என்று நினைத்துக்கொண்டுதான் வண்டியை எடுத்தாள்.

சென்னையிலிருந்து வந்திருந்த நிர்மல் குமார் வெள்ளைத் துணியில் படம் காட்டிக்கொண்டிருந்தார். நல்ல பையன், சட்டை கசங்கவில்லை, எல்லோரையும் சார் என்றார், இவளை மேடம் என்றார். பள்ளிக்கூடத்தை அகாடமி ஆக்கிவிட்டால் என்னென்ன வரும் என்று படம் படமாகப் போய்க்கொண்டிருந்தது. மாடிக் கட்டடம், கம்ப்யூட்டர் அறை, மஞ்சள் வேன், டை கட்டிய பிள்ளைகள் எல்லாரும் ஒரே பக்கம் பார்த்துச் சிரிக்கிறார்கள். அரசாங்க உதவி நின்றுவிடும், சங்கத்தின் பெயர் வாசல் வளைவில் மட்டும் இருக்கும், மற்றதை அவர்கள் குழுமம் பார்த்துக்கொள்ளும். எவ்வளவு நேரமாகப் பேசுகிறார். இந்தக் கமிட்டி இதற்கு முன் இவ்வளவு நேரம் எதையும் கேட்டதே இல்லை. கூரையை மாற்றலாமா என்று கூடினால் ஒரு டீ குடிக்கும் நேரம், அதற்குள் செம்பு வந்துவிடும். மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முனகல் முனகியது. மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கம் இரண்டாம் வகுப்பு வாய்ப்பாடு சொன்னது. ஈரேழு பதினாலு. ஈரெட்டு பதினாறு. அதில் மகள் மிருதுளாவின் குரல் எது? இவளுக்கு இதே வேலை, எந்தக் கூட்டத்துச் சத்தத்திலும் அந்த ஒரு குரலைப் பொறுக்குவது. இதோ, ஈரொம்பதில் எல்லோருக்கும் முன்னால் ஓடுகிறதே, அதுதான், அவசரக்காரி, அப்பனைப் போல. சிரிப்பு வந்தது. சிரிக்கக் கூடாது, நிர்மல் குமார் கழிப்பறைப் படம் காட்டுகிறார். முகத்தைச் சரிசெய்துகொண்டு மற்றவர்களைப் பார்த்தாள். மண்டியில் முகத்தைப் பார்த்தே விலை படிக்கிறவளுக்கு இது பெரிய காரியமா? மூன்று பேர் அந்தப் பக்கம், மூன்று பேர் இந்தப் பக்கம். எத்திராஜ் மாமா மட்டும் தலைவர் என்பதால் முகத்தைக் கட்டி வைத்திருந்தார், ஆனால் உரிக்க மாட்டார், அவர் தாத்தா வைத்த வேப்பமரம் வாசலில் நிற்கிறதே. அப்படியானால் நடுவில் நிற்பது இவள் ஒருத்திதான். அப்பா, இதற்காகவா இந்த நாற்காலியை விட்டுவிட்டுப் போனீர்கள்?

வேண்டாம் என்று சொல்வது சுலபம், ஆனால் வகுப்பில் பிள்ளை எங்கே? வருஷா வருஷம் குறைகிறது. இன்னும் கொஞ்சம் குறைந்தால் டீச்சரை வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள், டீச்சர் போனால் மிச்சமிருக்கும் பிள்ளைகளும் போகும், அப்புறம் பூட்டுத்தான். வண்டு விழப்போகிற சரக்கை யாராவது கட்டி வைப்பார்களா, கேட்கிறவன் வந்தால் தள்ளிவிட வேண்டியதுதானே. மண்டி மூளை அப்படித்தான் சொன்னது. மண்டி என்றதும் நினைப்பு மண்டிக்கே போய்விட்டது. இந்நேரம் உரிக்கிற பெண்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள், செங்கல் சூளைப் பக்கத்திலிருந்து வண்டியில் வருகிறவர்கள், அவர்களோடு வரும் குட்டிகள் சாக்கு மேல் ஏறிச் சறுக்கும், ஒன்று மூக்கு ஒழுகிக்கொண்டு இவள் நாற்காலிக்கு அடியிலேயே தூங்கும், தாண்டித் தாண்டித்தான் தராசுக்குப் போக வேண்டும். நேற்று ஒரு பெண்பிள்ளை தராசின் முள்ளைக் காட்டி அது ஏன் ஆடுது என்று கேட்டது. பாரம் ஏறினால் ஆடும் என்றாள். இறக்கினால்? என்றது. இறக்கினாலும் ஆடும் என்றாள். அப்ப எப்பத்தான் சும்மா இருக்கும் என்றது. பதில் சொல்வதற்குள் போன் வந்துவிட்டது. எப்பத்தான் சும்மா இருக்கும். என்ன பெயரோ அந்தப் பிள்ளைக்கு, கேட்கவே இல்லை. கேட்டிருக்கலாம். சரி, இங்கே கவனி, இப்போது என்ன படம்? நீச்சல் குளமா? இந்த ஊரில் குடிக்கவே நாள் விட்டு நாள்தான் தண்ணீர் வருகிறது.

"இன்னொரு முக்கியமான விஷயம்" என்றார் நிர்மல் குமார். "குழந்தைகள் பாதுகாப்புக்காக எங்க கேம்பஸ் எல்லாத்துலயும் கடலைக்கு அனுமதி கிடையாது. சில பிள்ளைகளுக்கு ஒத்துக்காது பாருங்க." சுற்றிலும் மல்லாட்டை வியாபாரிகள். பாவம், அவர் மீது தப்பில்லை, எங்கோ ஒரு பிள்ளைக்கு மூச்சு முட்டியிருக்கும், அதனால் சொல்கிறார். நியாயம்தான். ஆனால் கடலை கிடையாது என்றால் பதினோரு மணிக் கூடை கிடையாது. கூடை கிடையாது என்றால்? அந்த இடத்துக்கு நினைப்பு போகாமல் சுற்றிச் சுற்றி வந்தது, வறுத்த வாசனை, தணிகாசலத்தின் சிரிப்பு, அப்பாவின் துண்டு, எங்கே சுற்றினாலும் கடைசியில் அங்கேதான் வந்து நின்றது. மிருதுளாவை முதலில் டவுனில் பெரிய பள்ளியில்தான் சேர்த்தார்கள், இப்படித்தான் படம் காட்டினார்கள், இப்படித்தான் டை. வீட்டில் பல்லிக்குக்கூடப் பதில் சொல்கிற பிள்ளை அந்த கேட்டுக்குள் கால் வைத்தால் வாயைத் திறக்காது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஒரு முழு வருஷம். பேர் சொல்லு என்றால் பேசாது. மூத்திரம் வருகிறது என்றுகூடச் சொல்லாது, நனைந்த பாவாடையோடு வீடு வரும். காது நல்லாயிருக்கு, நாக்கு நல்லாயிருக்கு, பயம்தான் என்றார் டாக்டர். பயத்துக்கு என்ன மருந்து என்று கேட்டதற்கு அவர் விசிறியைப் பார்த்தார். இங்கே கொண்டுவந்து விட்டபோது இவளுக்கு நம்பிக்கை ஒன்றும் பெரிதாக இல்லை, வீட்டுக்குப் பக்கம், அவ்வளவுதான். ஜோஸ்பின் டீச்சர் பேர் கேட்கவில்லை, பாட்டுப் பாடச் சொல்லவில்லை, தலையைத் தடவி உட்காரச் சொன்னாள். தினம் பதினோரு மணிக்கு மணியடித்தால் சங்கத்துக் கூடை வரும், ஓட்டோடு வறுத்த மல்லாட்டை, ஒரு நாளைக்கு ஒரு பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டு போய் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும், முதல் வகுப்புக் குட்டிகளுக்கு உரித்தும் தர வேண்டும். மிருதுவின் முறை வந்த அன்று கொடுத்துக்கொண்டே வந்தவள் ஒரு குண்டுப் பையன் முன்னால் நின்றுவிட்டாளாம். வாங்கித் தின்றுவிட்டு அவன் நீட்டிய கையை மடக்கவே இல்லையாம். இவள் பார்க்கிறாள், அவன் பார்க்கிறான், கை அப்படியே நீட்டினபடி. பிறகு அந்த வாய் திறந்தது. இன்னொண்ணு வேணுமா? பள்ளிக்கூடம் என்ற ஒரு இடத்தில் என் மகள் பேசிய முதல் பேச்சு அது. ஜோஸ்பின் டீச்சர் அதைப் போனில் சொல்லவில்லை, சாயங்காலம் மூச்சு வாங்க சைக்கிள் மிதித்து மண்டிக்கே வந்து சொன்னாள். செஞ்சு மூட்டை மேல் உட்கார்ந்து அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள், உரிக்கிற பெண்கள் எல்லாம் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்கள். என்ன கொடுப்பது என்று தெரியாமல் டீச்சர் சைக்கிள் கேரியரில் ஒரு மூட்டை மல்லாட்டையை ஏற்றிவிட்டாள், டீச்சர் ஏறாமல் தள்ளிக்கொண்டே போனாள். நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைந்து போகிறது. உரித்துப் போட்டால் அந்தக் கூடை போகும், முழுசாகப் போட்டால் ஒரு நாள் பள்ளிக்கூடமே போகும், எப்படிப் போனாலும் பிள்ளை திரும்ப அந்தப் பெரிய கேட்டுக்குள் போய் வாயை மூடிக்கொள்ளுமோ, ஐயோ, வேண்டாமே, ஈரொம்பதில் முந்தி ஓடுகிற அந்தக் குரல் எனக்கு வேண்டும், எனக்கு அது ஒன்றுதான் வேண்டும். நல்ல எண்ணெய்ப்பிடிப்பு, கடைசியில் ஒரு தித்திப்பு, செம்மண் காட்டுச் சரக்குத்தான், மாமா கெட்டிக்காரர். இதை நினைத்த பிறகுதான் செஞ்சுலட்சுமி மென்றுகொண்டிருந்த வாயை நிறுத்தினாள்.

மடியில் ஓடு இரண்டாகக் கிடந்தது. வாயில் ஒன்றுமில்லை. நாக்கால் துழாவினாள், கடைவாயில் பருப்பின் செந்தோல் ஒட்டியிருந்தது. தின்றுவிட்டாள். பள்ளிக்கூடத்தின் தலையெழுத்தைத் தின்றுவிட்டாள். கட்டை விரலால் அழுத்தி உடைப்பது, பருப்பை உருட்டிப் பார்ப்பது, வாயில் போட்டுப் பதம் பார்ப்பது, ஒரு நாளைக்கு எத்தனை மூட்டைக்குச் செய்கிற கை, அதற்கு ஓட்டு எது சரக்கு எது என்று எப்படித் தெரியும். தின்னுட்டு மட்டும் வந்துடாதே. இருடா மனுஷா, உன் வாயில் விழுந்துதான் இப்படி ஆனது. மூன்றுக்கு மூன்று என்று நிற்கும், ஏழாவது எங்கே என்று கேட்பார்கள், முத்துவேல் மகள் ஓட்டைத் தின்ற கதையை மண்டி மண்டியாகச் சொல்லிச் சிரிப்பார்கள், பேரன் பேத்தி காலம் வரை சொல்வார்கள். இன்னொரு காய் கிடைக்குமா? நிர்மல் குமாரின் பேனாவுக்குப் பக்கத்தில், மரியாதைக்கென்று அவருக்குக் கொடுத்தது, உரிக்காமல் இருந்தது. எடுத்துவிடலாமா? சீ, கமிட்டி மெம்பர் செய்கிற வேலையா அது? அவர் நன்றி சொன்னார், எல்லோரும் கைதட்டினார்கள், செம்பு வந்தது. ஒவ்வொருவராக எழுந்து போனார்கள், வழக்கத்தைவிடச் சீக்கிரம் திரும்பினார்கள். இவள் முறை. கரும்பலகைக்குப் பின்னால் போய்த் துணிக்குள் வெறுங்கையை விட்டாள். பித்தளை குளிர்ச்சியாக இருந்தது. நியாயமாக எத்தனை விழுந்திருக்கிறது என்று தொட்டுப் பார்க்கக் கூடாது, தொடவில்லை, கையை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

எத்திராஜ் மாமா செம்பைத் தட்டில் கவிழ்த்தார். இரண்டே இரண்டு பருப்பு உருண்டது. நிமிர்த்தி உள்ளே பார்த்தார், திரும்பக் கவிழ்த்து அடியில் தட்டினார். வேறொன்றும் விழவில்லை. ஏழு பேர் போன செம்பு.

பக்கத்து நாற்காலி பச்சையப்பன், ஊரிலேயே பெரிய மண்டிக்காரர், தரையைப் பார்த்தபடி மீசையைத் தடவினார். மீசையில் செந்தோல் ஒட்டியிருந்தது. அவருக்கு அடுத்தவர் காலால் ஓட்டை நாற்காலிக்கு அடியில் தள்ளினார். செஞ்சு ஒவ்வொரு வாயாகப் பார்த்தாள். எல்லா வாயும் இறுக மூடியிருந்தது, பிரம்பைக் கண்ட பிள்ளைகள் மாதிரி. முதலில் யார் சிரித்தது என்று தெரியாது. இவளாகத்தான் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு யாரையும் பிடிக்க முடியவில்லை, பச்சையப்பன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார், தட்டிக்கு அந்தப் பக்கம் வாய்ப்பாடு நின்றுபோனது, நிர்மல் குமார் என்ன சார் பிரச்சினை என்று ஒவ்வொருவராகக் கேட்டார்.

"பல்செட் போட்டவன் ஓட்டு மட்டும்தான்யா பத்திரமா இருக்குது" என்றார் எத்திராஜ் மாமா, தன் பல்லைத் தொட்டுக் காட்டி. சொன்ன பிறகுதான் தட்டில் கிடப்பது உரித்த பருப்பு என்பது அவருக்கே உறைத்தது. சிரிப்பு அடங்கியது. எல்லோரும் வாசல் வேப்பமரத்தைப் பார்த்தார்கள், பிறகு அவரைப் பார்த்தார்கள்.

"ஆமா, நான்தான் உரிச்சிப் போட்டேன்" என்றார். "ஆசைப்பட்டா போட்டேன்? பிள்ளைங்க இல்லாம நம்ம காலத்துல இங்க பூட்டு தொங்கக் கூடாதுன்னுதான் போட்டேன். கட்டடம் யாரோடதா இருந்தா என்னா, உள்ள சத்தம் கேக்கணும்."

உள்ளே சத்தம். எப்பத்தான் சும்மா இருக்கும் என்று கேட்ட அந்தப் பிள்ளையின் முகம் எங்கிருந்தோ வந்து செஞ்சுவின் முன்னால் நின்றது. மூக்கொழுகி, சாக்குச் சறுக்கல், நாற்காலிக்கு அடியில் தூக்கம். அவள் தாண்டித் தாண்டி நடந்ததெல்லாம் என்ன? எவ்வளவு பெரிய மடச்சி நான் என்று தோன்றியது, அதில் வெட்கத்தைவிடச் சந்தோஷமே அதிகமாக இருந்தது.

"மாமா, பிள்ளைங்க இருக்குதுங்க" என்றாள்.

"எங்கம்மா?"

"எங்க மண்டியில. உரிக்க வர்றவங்களோட வருதுங்க, நாள் பூரா சாக்கு மேல ஆடுதுங்க. அவங்கள ஏத்திக்கிட்டு வர்ற வண்டி தினம் இந்த கேட்டு முன்னாலதான் போவுது. நாளைக்கு இங்க நிக்கும்."

பச்சையப்பன் துண்டை இறக்கினார். "எங்க மண்டியிலயும் கெடக்குதுங்க. தொரத்தித் தொரத்தி விட்டுக்கிட்டு இருக்கேன்." மற்றவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் மண்டியில்தான் இல்லை?

கதவோரம் நின்றிருந்த ஜோஸ்பின் டீச்சர் இப்போது, "நடு வருஷம்னு பாக்காதீங்க, எப்ப கொண்டாந்தாலும் நான் சேத்துக்கறேன்" என்றாள்.

எத்திராஜ் மாமா அந்த இரண்டு பருப்பையும் எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "அப்போ திரும்பப் போடுவோம். யாராவது காய் கொண்டாங்கப்பா."

மணி அடித்தது. பதினோரு மணி. தட்டியை விலக்கிக்கொண்டு கூடை வந்தது, கூடைக்குப் பின்னால் மிருதுளா வந்தாள், இன்று அவள் முறை என்று செஞ்சுவிடம் சொல்லவே இல்லையே, ராத்திரி பூரா என்னென்னவோ பேசினாளே. பெரியவர்களைக் கண்டு நின்றுவிடுவாளோ? இத்தனை வேட்டிகள், வெள்ளைத் துணி, மேசை மேல் மெஷின், சென்னைக்காரர். போடா கண்ணு, போ. மிருது நிற்கவில்லை. எத்திராஜ் மாமாவிலிருந்து ஆரம்பித்தாள். இந்தாங்க தாத்தா. இந்தாங்க. நிர்மல் குமாரிடம் போய், நீங்க புதுசா, இந்தாங்க என்றாள். அவர் வாங்கி உடைத்து வாயில் போட்டுக்கொண்டார், மென்றார், புருவத்தைத் தூக்கினார். கடைசியில் அம்மாவிடம் வந்தாள். ஒரு காயை எடுத்துக் கொடுக்கப் போனவள் அம்மாவின் கண்ணைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். அழுகிற குட்டிகளுக்கு உரித்துக் கொடுத்துப் பழகிய பிள்ளை அல்லவா.

"உரிச்சித் தரட்டாம்மா?"

"வேணாம் மிருது" என்றாள் செஞ்சுலட்சுமி, எல்லோர் காதிலும் விழும்படி. "அப்படியே இருக்கட்டும்."

ரகசியம் போயிற்று. யாரும் அவளைக் கண்டிக்கவில்லை. அவளே முதலில் எழுந்துபோய்த் துணிக்குள் கையை விட்டுப் போட்டாள், டொக்கென்றது. அடுத்தவர் போனார், டொக். அதற்கு அடுத்தவர். யாரும் செருமவில்லை, செருமுவதற்கு அவசியமும் இல்லை. எத்திராஜ் மாமா கடைசியில் போனார், போட்டுவிட்டு வேப்பமரத்தைப் பார்த்தபடி வந்தார். செம்பைக் கவிழ்த்தார்கள். ஆறு காய், ஆறும் முழுசு.

எல்லோரும் பச்சையப்பன் பக்கம் திரும்பினார்கள். அவர் மென்றுகொண்டிருந்தார்.

மிருதுளா கூடையைத் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள். அவர் வெட்கத்தோடு கையை நீட்டினார்.

"இன்னொண்ணு வேணுமா?" என்று கேட்டாள்.